உறவில் வலியா? இறுகிய தசையைத் தளர்த்தக் கற்றுக்கொள்ளுங்கள்



கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிடுவது, குழந்தைக்கு எப்போது தடுப்பூசி போடுவது, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் எத்தனை வருடம் இடைவெளி விடுவது என்பதையெல்லாம் தாய்மார் கூட்டங்களில் தாராளமாகப் பேசுகிறோம். ஆனால் கணவனும் மனைவியும் சேரும் நேரத்தில் பெண்ணுக்கு ஏற்படும் வலியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு யாராவது ஒருத்தி பின்தங்கி நின்று, "அக்கா, ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பிப்பாள். அந்த ஒருத்தி கேட்க நினைப்பதை இந்தப் பாடம் எல்லாருக்குமாகச் சொல்கிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல்வலி, முதுகுவலி போல இதுவும் உடம்பில் வருகிற ஒரு வலி. இதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் வைத்தியமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் உறவு நேரத்து வலிக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். மனநோய்ப் பகுதியில் அதைச் சேர்க்கவில்லை. பாலியல் நலம் பற்றிய தனிப் பகுதியில் வைத்திருக்கிறார்கள். ஆகவே "எல்லாம் உன் மனசுல இருக்கு" என்று யார் சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள்.

மறைத்து வைத்தால் என்ன ஆகும்?

கல்யாணமாகி ஒரு வருடம் ஆன பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சேர முயன்றபோதெல்லாம் அவளுக்குக் கீறினாற்போல் எரிகிறது. பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்க்கிறாள். பிறகு "தலைவலி", "அசதி" என்று சொல்லி ஒதுங்குகிறாள். கணவன், "இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று எண்ணிக்கொள்கிறான். மாமியார், "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்கிறாள். குழந்தை இல்லையென்று டாக்டரிடம் போகிறார்கள். ரத்தம் பார்க்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், கடன் வாங்கிச் செலவு செய்கிறார்கள். உறவு முறையாக நடக்கவே இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கடைசியில் பழி முழுவதும் அவள் தலையில் விழுகிறது. சில வீடுகளில் இரண்டாம் கல்யாணப் பேச்சு வரைக்கும் போய்விடுகிறது.

ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் இத்தனையும் தவிர்ந்திருக்கும்.

புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். பிரசவத்தில் தையல் போட்ட பெண்களுக்கு வரும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு வரும். மாதவிலக்கு நின்றுபோன ஐம்பது வயதுப் பெண்களுக்கும் வரும்.

அடி இடுப்புத் தசை என்பது எது?

குழந்தையைப் போடும் தூளியைப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் கட்டி நடுவில் தொங்கவிட்ட துணி, குழந்தையின் பாரத்தைத் தாங்குகிறது. அதே போல நம் இடுப்புக்குள், முன்பக்கம் உள்ள எலும்பிலிருந்து பின்பக்கம் உள்ள வால் எலும்பு வரை ஒரு தசைத் தூளி கட்டியிருக்கிறது. மூத்திரப் பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அது கீழிருந்து தாங்குகிறது. மூத்திரத் துவாரம், பிறப்புவழி, மலவாய் மூன்றும் அதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. இதைத்தான் அடி இடுப்புத் தசை என்கிறோம். ஆஸ்பத்திரியில் 'பெல்விக் ஃப்ளோர்' என்பார்கள். அந்தப் பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் சொல்ல உதவும்.

இந்தத் தசைக்கு இரண்டு வேலை. ஒன்று இறுகுவது, இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் மூத்திரம் சிந்தாமல் பிடித்துக்கொள்வது. மற்றொன்று தளர்வது, மூத்திரம் போகவும், மலம் கழிக்கவும், பிள்ளை பெறவும், கணவனோடு சேரவும் வழிவிடுவது. கதவு என்றால் மூடவும் வேண்டும், திறக்கவும் வேண்டும். மூடத் தெரிந்து திறக்கத் தெரியாத கதவால் தொல்லைதான்.

தசை ஏன் இறுகிப் போகிறது?

கண்ணில் தூசி விழ வந்தால் இமை தானாக மூடிக்கொள்கிறது. நாம் நினைத்து மூடுவதில்லை. அடி இடுப்புத் தசையும் அப்படித்தான். ஒருமுறை வலித்துவிட்டால், அடுத்த முறை வலி வரும் முன்பே அது இறுகிக்கொள்கிறது. இறுகிய தசையின் மேல் அழுத்தம் படும்போது மேலும் வலிக்கிறது. வலித்ததால் மேலும் பயம். பயத்தால் மேலும் இறுக்கம். செக்குமாடு போல இதே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரவேண்டியதாகிறது. "உள்ளே சுவர் இருக்கிற மாதிரி தட்டுது" என்று சில பெண்கள் சொல்வார்கள். அங்கே சுவர் எதுவும் இல்லை. இறுகி நிற்கும் தசைதான் அப்படித் தோன்றுகிறது.

இறுகிய தசை ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் கையை இறுக்கி மூடி, அப்படியே ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கை கடுக்கும், விரல் மரத்துப்போகும். தண்ணீர்க் குடம் சுமந்து தோள்பட்டை பிடித்துக்கொண்டால், அங்கே விரலை வைத்து அழுத்தினாலே உயிர் போகிறது. மாதக்கணக்கில் இறுகியிருக்கும் தசைக்கும் அதே கதைதான்.

முதல் வலி எங்கிருந்து வருகிறது? முதலிரவைப் பற்றிப் பெண்ணுக்கு ஊட்டிய பயத்தால் வரலாம். அவசரத்தால் வரலாம். பிரசவக் காயம், வறட்சி, பூச்சித் தொற்று, மலச்சிக்கலுக்கு முக்கி முக்கிப் போவது, கழிப்பறை வசதியில்லாமல் நாள் முழுவதும் மூத்திரத்தை அடக்கி வைக்கும் பழக்கம், இவையும் காரணமாகலாம். சின்ன வயதில் யாராவது தகாத முறையில் தொட்டுத் துன்புறுத்தியிருந்தால், மனம் மறந்தாலும் உடம்பு மறக்காமல் இறுகிக்கொள்வதும் உண்டு. அது அந்தப் பெண்ணின் குற்றமல்ல.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்

எல்லா வலியும் தசை வலி அல்ல. பயிற்சி தொடங்கும் முன் பெண் டாக்டரிடம் காட்டி, வேறு நோய் இல்லையென்று தெரிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்லும் அடையாளங்கள் உங்களுக்கு உதவும்.

அரிப்பு, தயிர் போன்ற வெள்ளைப்படுதல், நாற்றம் இருந்தால் தொற்றாக இருக்கலாம். மாத்திரையில் குணமாகும். சில தொற்றுகளுக்குக் கணவனும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் திரும்பவும் வரும்.

வறண்டு எரிகிறதென்றால் பால் கொடுக்கும் காலமா, மாதவிலக்கு நின்ற காலமா என்று பாருங்கள். இந்த இரண்டு காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைந்து, பிறப்புவழியின் தோல் மெலிந்து வறண்டுபோகும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பை டாக்டர் எழுதிக் கொடுப்பார். தானாக வாங்கிப் போடக் கூடாது.

வலி வாசலில் இல்லாமல் ஆழத்தில், அடிவயிற்றில் இருந்து, மாதவிலக்கு வலியும் தாங்க முடியாமல் இருந்தால், கருப்பையின் உள்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயா என்று பார்க்க வேண்டும்.

வாசலிலேயே எரிச்சல், சுவர் போலத் தட்டுதல், தொட்டாலே தொடை இரண்டும் தானாகச் சேர்ந்துகொள்ளுதல், டாக்டர் உள்பரிசோதனை செய்யவும் முடியாமல் போதல் இருந்தால் பெரும்பாலும் தசை இறுக்கம்தான். இந்தப் பாடம் முக்கியமாக அவர்களுக்கு.

தாமதிக்கவே கூடாத அடையாளங்களும் உண்டு. உறவுக்குப் பின் ரத்தம் படுதல், மாதவிலக்கு நின்றபின் ரத்தம் படுதல், காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்கமாகக் கடும் வலி, இவற்றுக்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு சுகாதார நிலையங்களில் செய்கிறார்கள். போகும்போது அதையும் முடித்துக்கொள்ளுங்கள்.

இறுக்கவா, தளர்த்தவா?

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். 1948இல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர், பிரசவத்துக்குப் பின் தளர்ந்துபோன தசையை இறுக்கி இறுக்கிப் பலப்படுத்தும் பயிற்சியைப் பற்றி எழுதினார். இருமினால் மூத்திரம் சிந்தும் பெண்களுக்கு அது நல்ல பயிற்சி. இன்று வரை அவர் பெயராலேயே 'கெகல் பயிற்சி' என்கிறோம். ஆனால் ஏற்கெனவே இறுகிப்போன தசையை மேலும் இறுக்கினால் என்ன ஆகும்? முடிச்சு இன்னும் இறுகும்.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒரு பெண் இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"நர்சம்மா, தினமும் நூறு தடவை இறுக்கிப் பிடிச்சேன். வலி கூடத்தான் செய்யுது."

"யாரும்மா உனக்குச் சொன்னது?"

"பக்கத்து வீட்டு அக்கா. அவங்களுக்கு நல்லாயிடுச்சாம்."

"அவங்களுக்கு மூத்திரம் சிந்துச்சு, அதனால இறுக்கச் சொன்னாங்க. உனக்கு இறுகிப்போய் வலிக்குது. நீ முதல்ல விடக் கத்துக்கணும். பிடிக்கறதைப் பிறகு பார்க்கலாம்."

இந்தப் பாடத்தின் சாரமே செவிலியரின் அந்தக் கடைசி வார்த்தைதான். உறவில் வலி உள்ளவர்கள் முதலில் தளர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பிசியோதெரபியில் என்ன செய்வார்கள்?

பிசியோதெரபி என்றால் கை கால் முறிவுக்கும் பக்கவாதத்துக்கும் மட்டும் என்று நினைக்கிறோம். அடி இடுப்புத் தசைக்கும் அது உண்டு. அங்கே நடப்பது இதுதான்.

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுத்தான். எப்போது வலிக்கிறது, எந்த இடத்தில், மலம் மூத்திரம் எப்படிப் போகிறது, எத்தனை பிரசவம், தையல் போட்டார்களா என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு முதுகு, இடுப்பு, வயிறு, நீங்கள் மூச்சு விடும் விதம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

உங்கள் சம்மதம் இருந்தால் மட்டுமே, கையுறை போட்ட ஒரு விரலால் உள்ளே தசையைத் தொட்டுப் பார்ப்பார்கள். வேண்டாமென்றால் வேண்டாம். பாதியில் "போதும்" என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். பெண் ஊழியரே வேண்டும் என்றும், அம்மாவோ அக்காவோ கணவரோ கூட இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். இது உங்கள் உரிமை.

இறுகிய இடம் தெரிந்ததும், அங்கே மெதுவாக அழுத்திப் பிடித்து, நீங்கள் மூச்சு விட விட அது இளகும் வரை காத்திருப்பார்கள். தோள்பட்டைப் பிடிப்பை நீவி எடுப்பது போலத்தான் இதுவும். சில இடங்களில் தசை இறுகுவதையும் தளர்வதையும் திரையில் காட்டும் கருவி வைத்திருப்பார்கள். எப்போது விடுகிறோம் என்பது கண்ணுக்கே தெரிவதால் சீக்கிரம் பழகும்.

சிலருக்கு விரிப்பான்கள் கொடுப்பார்கள். சுண்டுவிரல் அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் வழுவழுப்பான உருளைகள் இவை. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்ட நூலில் இந்தப் படிப்படியான முறையை விளக்கியபின் இது பரவலானது. பெயரைக் கேட்டு, உள்ளே கிழித்துப் பெரிதாக்கும் கருவியோ என்று பயப்பட வேண்டாம். "தொட்டாலும் ஆபத்தில்லை" என்று தசைக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அதன் வேலை.

எத்தனை நாள் ஆகும்? சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம். பூட்டிக்கொள்ளப் பழகிய தசை ஒரே நாளில் திறக்காது. வாரம் ஒருமுறை அங்கே போவதைவிட, தினமும் வீட்டில் செய்வதுதான் பலன் தரும்.

வீட்டில் செய்யும் பயிற்சி

காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம் போதும். மூத்திரம் போய்விட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பாய் விரித்துச் செய்யுங்கள். வலியைப் பத்து என்று கணக்கு வைத்தால் இரண்டு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

1. வயிற்று மூச்சு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். ஒரு கை மார்பில், ஒரு கை வயிற்றில். மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். வயிற்றுக் கை எழும்ப வேண்டும், மார்புக் கை அசையக் கூடாது. மூச்சு உள்ளே போகும்போது அடி இடுப்பும் தானாகச் சற்றுக் கீழே இறங்கும். அதைக் கவனியுங்கள். பிறகு வாயால் நீளமாக விடுங்கள். ஐந்து நிமிடம். முதல் ஒரு வாரம் இது ஒன்றையே செய்தாலும் போதும்.

2. தசையை அறிதல். வயிற்று வாயு வெளியேறாமல் அடக்குவது போல மிக லேசாக ஒரு நொடி இறுக்குங்கள். பிறகு விடுங்கள். கவனம் விடுவதில்தான் இருக்க வேண்டும். மூத்திரம் போகத் தொடங்கும்போது உள்ளே ஒரு இளக்கம் வருமே, அந்த உணர்வுதான் நமக்கு வேண்டியது. மூன்று நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். மூத்திரம் போகும்போதே நடுவில் நிறுத்திப் பழகக் கூடாது.

3. மூன்று இருப்பு. ஒன்று, இரண்டு பாதத்தையும் சேர்த்து முழங்காலைப் பக்கவாட்டில் விரித்து உட்காருதல். இரண்டு, மண்டியிட்டு முழங்காலை அகட்டி, முன்னே குனிந்து நெற்றியைத் தலையணையில் வைத்தல். மூன்று, மல்லாந்து இரண்டு முழங்காலையும் மார்பை நோக்கி இழுத்து அகட்டிப் பிடித்தல். ஒவ்வொன்றிலும் பத்து வயிற்று மூச்சு. முழங்கால் வலி உள்ளவர்கள் தலையணையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

4. தொட்டுப் பழகுதல். இந்த மூன்றும் இரண்டு வாரம் பழகிய பிறகு, கையைச் சுத்தமாகக் கழுவி, நகத்தை வெட்டி, வெளிப்பக்கத்தை மட்டும் விரலால் தொட்டு மூச்சு விடுங்கள். கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்வதும் தவறில்லை. நம் உடம்பு நமக்குத் தெரிய வேண்டும். பயம் அடங்கியபின், சிறிது எண்ணெய் அல்லது ஜெல்லி தடவி விரல் நுனியை மட்டும் வைத்துக் காத்திருங்கள். தசை இளகியபின் இன்னும் கொஞ்சம். அவசரம் கூடாது. ஒரு படியில் ஒரு வாரம் நின்றாலும் நட்டமில்லை.

5. துணையோடு. விரலோ விரிப்பானோ வலியில்லாமல் போகும் அளவுக்கு வந்தபின்தான் அடுத்த படி. முதலில் சேர்வதே நோக்கமில்லாமல், தொட்டும் பேசியும் நெருக்கமாக இருங்கள். பிறகு மெல்ல முயலலாம். எவ்வளவு, எப்போது என்று பெண்தான் சொல்ல வேண்டும். பெண் மேலே இருப்பதும், இருவரும் பக்கவாட்டில் படுப்பதும் அவள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள வசதியானவை.

ஒரு முக்கிய எச்சரிக்கை. தேங்காய் எண்ணெய் வழுவழுப்புக்கு நல்லதுதான். ஆனால் நிரோத் போன்ற ரப்பர் உறைகளோடு எண்ணெயோ வாசலினோ சேரக் கூடாது. உறை நைந்து கிழிந்துபோகும். உறை பயன்படுத்துபவர்கள் மருந்துக் கடையில் தண்ணீரில் கரையும் ஜெல்லி என்று கேட்டு வாங்குங்கள். பிறப்புவழிக்குள் சோப்போ கிருமிநாசினியோ விட்டுக் கழுவவும் கூடாது. வறட்சியும் எரிச்சலும் அதனால் கூடும்.

மலச்சிக்கலையும் கவனியுங்கள். கீரை, வாழைப்பழம், வெந்நீர் என்று நம் வீட்டு வைத்தியமே போதும். முக்காமல் போவது அடி இடுப்புக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

பிரசவத் தையல் போட்டவர்களுக்கு

பிரசவத்தின்போது பிறப்புவழிக்கும் மலவாய்க்கும் நடுவில் கிழிந்தோ வெட்டியோ தையல் போட்டிருப்பார்கள். ஆறிய பிறகும் அந்தத் தழும்பு கெட்டியாக, கயிறு போல இழுத்துக்கொண்டிருக்கலாம். பிரசவமாகி ஆறு வாரம் கழித்துச் செவிலியரிடமோ டாக்டரிடமோ காட்டி, புண் முழுதும் ஆறிவிட்டது என்று சொன்னபின் நீவத் தொடங்கலாம். சுத்தமான தேங்காய் எண்ணெய் தொட்டு, கட்டைவிரலால் தழும்பின் மேல் மெதுவாக அழுத்தி, பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக அசையுங்கள். தினம் ஐந்து நிமிடம். சப்பாத்தி மாவு பிசையப் பிசைய இளகுவது போலத் தழும்பும் நாளாவட்டத்தில் இளகும். சிவந்தாலும், நீர் வடிந்தாலும் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

ஆறு வாரம் ஆனதும் கட்டாயம் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உடம்பும் மனமும் தயாரான பிறகு போதும். அதே சமயம், மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கரு தங்கிவிடலாம். ஆகவே கருத்தடை முறையைப் பற்றி முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை

மனைவி வலிக்கிறது என்றால் நம்புங்கள். உங்களைப் பிடிக்கவில்லை என்பது அதன் அர்த்தமல்ல. அவள் தசையை அவளே வேண்டுமென்று இறுக்கவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று ஒருமுறை வற்புறுத்தினால், பத்து நாள் பயிற்சி வீணாகும். அவள் "நிறுத்துங்க" என்றதும் நிறுத்துகிற கணவன் பக்கத்தில்தான் தசை தளரத் துணியும். டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள். உங்கள் தாயார் குழந்தையைப் பற்றிக் கேட்டால், "நாங்க பார்த்துக்கறோம்மா" என்று நீங்கள் பதில் சொல்லுங்கள். அவளைச் சொல்ல விடாதீர்கள்.

அடித்து மிரட்டி உறவுக்குக் கட்டாயப்படுத்துவது வேறு விஷயம். அதற்குப் பயிற்சி வைத்தியமல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. அந்த நிலையில் உள்ள சகோதரிகள் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"முதல் தடவை எல்லாருக்கும் வலிக்கத்தானே செய்யும்?"
லேசான அசௌகரியம் சிலருக்கு இருக்கும். ஒவ்வொரு முறையும் வலிப்பது இயல்பல்ல. முதலிரவில் ரத்தம் வர வேண்டும் என்ற கணக்கும் தவறு. பல பெண்களுக்கு வருவதே இல்லை.

"குழந்தை பிறந்தால் தானாகச் சரியாகுமா?"
அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பிரசவக் காயத்தால் சிலருக்கு வலி கூடவும் செய்யும்.

"துவாரம் சின்னதாக இருக்கிறது, ஆபரேஷன் செய்யணும் என்கிறார்களே?"
பிறவிக் குறை உள்ளவர்கள் மிகச் சிலர். அதை டாக்டர் பரிசோதித்துச் சொல்வார். மற்றவர்களுக்குத் துவாரம் சரியாகவே இருக்கும், இறுகியிருப்பது தசைதான். கத்தி வைக்கும் முன் தசைப் பயிற்சியைக் கேளுங்கள்.

"காப்பர் டி போட்டதால் வலியா? கருத்தடை ஆபரேஷனால் வலியா?"
ஆபரேஷனில் கருக்குழாயைத்தான் கட்டுகிறார்கள், பிறப்புவழியைத் தொடுவதில்லை. காப்பர் டி சரியான இடத்தில் இருந்தால் வழக்கமாக வலிக்காது. போட்டபின் புதிதாக வலி, காய்ச்சல், வெள்ளைப்படுதல் வந்தால் போட்ட இடத்தில் உடனே காட்டுங்கள்.

"கொஞ்சம் மது குடித்தால் தளரும் என்கிறார்களே?"
அதனால் தசைக்கு எந்தப் பழக்கமும் வராது, வலி தெரியாமல் காயம்தான் படும். வேண்டவே வேண்டாம்.

எங்கே போவது, எப்படிச் சொல்வது?

முதலில் உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். அவர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அனுப்புவார். அங்கிருந்து அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கும், பிசியோதெரபி பிரிவுக்கும் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி ஊழியரிடமும், அடி இடுப்புப் பயிற்சிக்கு எங்கே போகலாம் என்று விசாரிக்கலாம். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். முகம் தெரியாதவரிடம் முதலில் சொல்வது சிலருக்குச் சுலபம்.

எப்படி ஆரம்பிப்பது என்று தயங்குகிறீர்களா? இந்த ஒரு வரி போதும்: "டாக்டரம்மா, வீட்டுக்காரரோட சேரும்போது எனக்கு வலிக்குது, இத்தனை மாசமா இருக்கு." மீதியை அவரே கேட்பார். ஒரு டாக்டர் காது கொடுக்காவிட்டால் இன்னொருவரிடம் போங்கள்.

நினைவில் வைக்க

வலி இயல்பல்ல, பொறுத்துக்கொண்டே போனால் தசை மேலும் இறுகும்.
முதலில் டாக்டர் பரிசோதனை, பிறகு பயிற்சி.
முதலில் தளர்த்து, இறுக்கும் பயிற்சி எல்லாருக்கும் அல்ல.
வலியோடு முயல வேண்டாம். ஒரு படி இறங்கித் தொடருங்கள்.
எண்ணெயும் ரப்பர் உறையும் சேரக் கூடாது.
ரத்தம் படுதல், காய்ச்சல், கடும் வலி என்றால் உடனே ஆஸ்பத்திரி.

படித்தபின் உங்களையே கேட்டுப் பாருங்கள்

அடி இடுப்புத் தசை எந்த மூன்று உறுப்புகளைத் தாங்குகிறது? மூச்சை இழுக்கும்போது அது மேலே போகுமா, கீழே இறங்குமா? இறுக்கும் பயிற்சி யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதல்ல? தையல் தழும்பை எப்போது முதல் நீவலாம்?

விடை தெரியாவிட்டால் இன்னொரு முறை படியுங்கள். படித்து முடித்தபின் இந்தத் தாளைக் கடையில் பொட்டலம் கட்டக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், புதிதாகக் கல்யாணமான தங்கைக்கோ, பிள்ளை பெற்று வந்திருக்கும் நாத்தனாருக்கோ கொடுங்கள். வாயால் கேட்கக் கூச்சப்படுகிறவள் தனியே உட்கார்ந்து படித்துக்கொள்வாள்.